அடுப்பங்கரைக்குப் போகும் வழி

நிலத்தை விற்ற பணம் பேங்கில் ஏறிய அன்று மாலையே தசரதன் வீட்டு அடுப்பங்கரை, கூடத்தை விட்டு ஒரு கஜம் தள்ளிப் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அதே வீடுதான். தெருவும் மாறவில்லை, பின்வாசல் இல்லாத பின்சுவரும் நகரவில்லை. உள்ளே மட்டும் நீண்டிருந்தது. அதுவரை கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே தோசைக்கல்லை எட்டித் தொடலாம். பெண்டாட்டி பாஞ்சாலி எடுக்கும் தோசை நேராகத் தட்டில் விழும்; முறுகல் ஆறுவதற்குள் வாய்க்குப் போய்விடும். அன்று அவள் எழுந்து வந்து போட வேண்டியதாயிற்று. "இன்னாய்யா, வூடு நீண்டுக்கினு கீது?" என்றாள். "காசு வந்தா வூடு பெருசாவாதா பின்ன," என்றான் தசரதன். ஊரிலும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டைச் சுற்றி அப்போது வேர்க்கடலை விளைந்த மேட்டிலெல்லாம் கார் கம்பெனி விளைந்துகொண்டிருந்தது. ஒரு வீடு உள்ளுக்குள் நீள்வது அதற்கு முன்னால் பெரிய சமாச்சாரமா?

பணம் குட்டி போட்டது, வீடும் கூடவே நீண்டது. தசரதனுக்குத் தலைகால் புரியவில்லை. சோபா வாங்கினான், சுவரை மறைக்கும் டிவி வாங்கினான், வந்தவர்கள் எல்லோருக்கும் கூடத்தின் கடைக்கோடியைக் கைகாட்டி "அதோ தெரியுது பார், அதான் என் பொண்டாட்டி" என்று பெருமையடித்தான். நீண்ட இடத்தைச் சும்மா விடுவானேன் என்று தடுப்பு வைத்து, தெற்கத்திச் சீமையிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டான். வாடகை வந்தது. வாடகை வந்ததால் வீடு இன்னும் நீண்டது. குடியிருந்தவர்களில் உச்சிமாகாளி என்பவன், ஓவர்டைம் பார்த்து முடித்த களைப்போடு ஒருநாள், "அண்ணாச்சி, உங்க வீட்டுக்குள்ள ஷேர் ஆட்டோ விட்டா நல்லா ஓடும்லா?" என்று கேட்டான். தசரதன் அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டான். தோசை மட்டும் ஹாட் பாக்ஸில் வந்தது. காய்கிற பனியன்களுக்கும் லுங்கிகளுக்கும் நடுவே பாஞ்சாலி அதைச் சுமந்து வந்து சேரும்போது தேங்காய்ச் சட்னி லேசாகப் புளித்திருக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான். பிறகு அவள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட, வாடகைக்காரர் யாராவது கொண்டுவந்து கொடுத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் போனில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள், வாடகைக்காரர்கள் எல்லாரும் ஷிப்டுக்குப் போயிருந்தபோது, மத்தியானச் சாப்பாடு வரவில்லை. போன் அடித்தான், எடுக்கவில்லை. கிளம்பி நடந்தான், அப்புறம் ஓடினான். பொழுது சாயும்போதுதான் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். எண்ணெய் சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்த பாஞ்சாலி, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். போன் மேல் அலமாரியில் இருந்தது. "கூப்ட்டுக் கூப்ட்டுப் பார்த்தேன்யா," என்றாள் அவள். "அப்பால கூப்புடறதையே வுட்டுட்டேன்." தசரதன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். சொந்த வீட்டுக்குள் பெண்டாட்டி கூப்பிட்டுக் காதில் விழாத மனுஷன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்து அவனுக்கு உடம்பே கூசியது.

பணத்தைத் தொலைத்துவிடுவது என்று முடிவு செய்தான். தானம் செய்திருக்கலாமே என்றால், அந்த அளவுக்கு மனசு இளகவில்லை. நில புரோக்கர் புருஷோத்தமனைப் பிடித்து, "விலை ஏறவே ஏறாத எடமா ஒண்ணு காட்டு," என்றான். தன் தொழிலில் அப்படி ஒரு வேண்டுகோளைக் கேட்டறியாத புருஷோத்தமன், சுங்குவார்சத்திரத்துக்கு உள்ளே, பொங்கல் கழிந்தும் தண்ணீர் வடியாத ஓர் ஏரியோரப் பள்ளத்தைக் காட்டினான். கொக்குகூட ஒற்றைக்காலில் நிற்கச் சலித்துக்கொள்ளும் இடம். தசரதன் சந்தோஷமாகப் பணத்தைக் கொட்டினான். அந்த மாதமே அந்த வழியாகப் பெரிய ரோடு வருகிறது என்று அளவுக்கல் நட்டார்கள்; பள்ளத்தின் விலை எகிறியது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். இவனுக்குக் கூரையை விட்டுவிட்டு அடுப்பங்கரையைத் தள்ளிக்கொண்டு கொடுத்தது. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் வீட்டின் அந்தக் கோடி பனிமூட்டத்தில் மறைந்திருந்தது.

போனில் புலம்பினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பாஞ்சாலி, "எனக்குத்தான் நடக்க முடியல. நீ ஏன்யா அங்கியே குந்திக்கினு கீற?" என்றாள்.

தசரதன் நகராததற்கு உண்மையான காரணம் சோபா. அவன் எழுந்து போய்விட்டால் அதில் யார் உட்காருவது, வருகிறவர்கள் யாரைப் பார்த்து மலைப்பது? இதற்காகவா இத்தனை வருஷம் ஆறிப்போன தோசை தின்றோம் என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டான். மணைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான். போய்ப் பார்த்தால் அடுப்பங்கரை அதே பழைய அடுப்பங்கரை. இத்தனை வருஷத்தில் அவன் அதற்கென்று ஒரு பைசா செலவழித்ததில்லை, அதுவும் ஒரு விரற்கடை வளரவில்லை. பலகையைப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். தோசைக்கல் எட்டியது. விரல் சுட்டுக்கொண்டது. "வந்துட்டியா," என்று சொல்லி பாஞ்சாலி இன்னொரு கரண்டி மாவை ஊற்றினாள்.

பணத்தை விட்டுவிட்டானா என்றால், இல்லை. அது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, கூடமும் நீண்டுகொண்டேதான் இருக்கிறது. சோபாவில் பூனை குட்டி போட்டிருக்கிறது. உச்சிமாகாளி கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வாசலிலிருந்து அடுப்பங்கரை வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். உளுந்து தீர்ந்துவிட்டால்தான் தொல்லை, மளிகைக் கடைக்குப் போய்த் திரும்ப ஒரு பொழுது ஆகிவிடுகிறது. தசரதனும் பாஞ்சாலியும் அந்த ஆட்டோவில் சேர்ந்தே போய்விட்டு வருகிறார்கள்.