எதிரெதிராய் நின்ற ஃப்ரிகேட்டுகள்

“பீரங்கிக்குப் பீரங்கி நேருக்கு நேரா நிக்குது! இது முகூர்த்தப் புடவையா, போர்க்களமா?”

சிவராஜின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. கேட்காதவர்களுக்கு எதிர்க்கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

சிவராஜ் கடற்படையில் லெப்டினன்ட். வெள்ளிக்கிழமை கல்யாணம்; இன்று புதன். மணப்பெண் காயத்ரியின் புடவைக் கரையில் தன் ஃப்ரிகேட் போர்க்கப்பல் வரிசையாகப் போகவேண்டும் என்பது அவன் ஆசை. புடவை வாங்க இருவருமே வந்திருந்தார்கள்.

“நாசம் பண்ணிட்டியேப்பா!” கடைக்காரர் கௌஸ் பாஷா நெசவாளர் வீரபத்திரன் பக்கம் திரும்பினார். “இனி என் தறியில நீ உக்கார வேணாம்.”

“பாய், டிசைன்ல வந்ததத்தான் நெய்ஞ்சேன். மயிலு ஜோடியா மூஞ்சியப் பாத்துக்கினுதானே நிக்கும்? படகும் அப்படித்தான்னு இருந்துட்டேன்.”

“படகா?” சிவராஜுக்குக் கண் சிவந்தது.

கௌஸ் பாஷாவின் மகள் நிக்கத் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். டிசைன் போட்டவள் அவள், முதல் டிசைன். தேறினால் தொழிலில் இருக்கலாம், புடவை திரும்பி வந்தால் அப்பா பார்த்த ஆம்பூர் மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும். இது அப்பாவோடு பேசிவைத்த ஒப்பந்தம். அதற்காக ஒரு மாதம் கனவிலும் கப்பலாகவே கண்டாள். சின்னது கார்வெட், நடுவாந்தரம் ஃப்ரிகேட், பெரியது டெஸ்ட்ராயர். மூக்குப் பக்கம் பீரங்கி, பின்னால் ஹெலிகாப்டர் தளம். எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் கெடுத்தது கைப்பழக்கம். மயிலோ அன்னமோ, கம்ப்யூட்டரில் ஒன்றை வரைந்து, ஜோடிக்கு அதையே திருப்பிப்போடும் ‘மிரர்’ பட்டனைத் தட்டுவதுதான் வழக்கம். கப்பலுக்கும் தட்டிவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி வீரபத்திரனோடு போய்விடும். அவரோ அவள் பக்கம் திரும்பாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்கவில்லை.

“அப்பா, அண்ணன் மேல தப்பில்ல. மிரர் போட்டது நான்.”

பால் பாக்கெட்டோடு வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற பக்கத்து வீட்டு லோகாம்பாள், பால் திரிந்தாலும் சரி என்று நகரவில்லை.

“அப்ப ஆம்பூர்தான்,” என்றார் கௌஸ் பாஷா மெதுவாக. அவர் கத்தியிருந்தாலே தேவலை என்றிருந்தது நிக்கத்துக்கு.

கரையைத் தடவிக்கொண்டிருந்த காயத்ரி தலைதூக்கினாள். “ஏங்க, கடல்ல ரெண்டு கப்பல் இப்படி எதிரெதிரா வந்தா என்ன பண்ணுவீங்க?”

“ரெண்டும் வலது பக்கம் ஒதுங்கணும். ரூல்.”

“எது மொதல்ல?”

“மொதல்னு இல்ல. ரெண்டுமேதான்.”

“சீர்த்தட்டுக்காக உங்க வீடும் எங்க வீடும் ஒரு மாசமா இப்படித்தான் நிக்குது. யாரு ஒதுங்குனாங்க? புடவை சரியாத்தான் இருக்குது. கட்டிக்கப்போறது நான்.”

சிவராஜ் பர்ஸை எடுத்தான். கௌஸ் பாஷா மகளைப் பார்க்காமலே, “பொட்டியில வைம்மா,” என்றார்.

வெள்ளிக்கிழமை அந்தப் புடவையிலேயே தாலி ஏறியது. ஜோடி விசாகப்பட்டினம் போய்விட்டது. சீர்த்தட்டுச் சண்டை மட்டும் இங்கேயே நங்கூரம் போட்டிருக்கிறது. டிசைன் மேசையிலேயே இருக்கும் நிக்கத்தை, தறிக்குத் திரும்பிய வீரபத்திரன் இப்போது ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுகிறார். ஆம்பூர் மாப்பிள்ளை அவளுடைய சித்தப்பா மகள் ரூக்ஷாரைக் கட்டிக்கொண்டு போனான். நிக்காஹ் புடவைக்கு மயில் கரைதான் வேண்டும் என்று மணப்பெண் முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம்.