வல்லியின் எலும்புகள்

சுந்தரவல்லிக்கு மூன்றாவது முறையாகக் கை முறிந்தபோது பொன்ராஜ் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டான். அதுவும் வீட்டுக்குள் இல்லை. மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த காம்பவுண்டில், குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தபோது.

"உள்ளதைச் சொல்லு, புஷ்பம். பிள்ளையை அடிச்சியா?"

தங்கபுஷ்பம் அவனுடைய இரண்டாம் தாரம். வல்லியைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். புஷ்பம் வந்தபோது குழந்தைக்கு ஒன்றரை வயது, இப்போது நான்கு. முதல் முறை கதவு நிலையில் இடித்துக்கொண்டாள், இரண்டாம் முறை வழுக்கிவிட்டாள் என்று புஷ்பம் சொன்னதையெல்லாம் அவன் நம்பியிருந்தான். இந்த முறை, "பாயிலேர்ந்து எந்திரிக்கையில கையை ஊனினா, அவ்வளவுதான்" என்றாள். அப்படியும் எலும்பு முறியுமா?

மாவுக்கட்டுப் போட்ட இளம் டாக்டர் நர்சுகள் முன்னாலேயே, "வீட்ல யாருங்க குழந்தையை அடிக்கிறது?" என்று கேட்டிருந்தார். பாண்டி பஜார் ஜவுளிக் கடையில் நாளெல்லாம் மரியாதையாகப் பேசிப் பழகிய பொன்ராஜ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அவனுடைய அக்காள் பேச்சியம்மாள் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள்: "பெத்தவளுக்குத்தாம்லே பிள்ளை வலி தெரியும்."

புஷ்பம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, வாயத் தொற. பச்சக் கொயந்தைய யாராவது இப்டி பண்ணுவாங்களா?" என்றாள் எதிர்வீட்டுக் கெங்கம்மா.

மறுநாள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து புஷ்பத்தின் அண்ணன் வைரவன் வந்து தங்கையை அழைத்துப் போனார். பொன்ராஜ் தடுக்கவில்லை. வல்லி மாவுக்கட்டுக் கையை நீட்டி அழுதாள்.

பேச்சியம்மாள் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு காலையில், பொன்ராஜ் கடைக்குக் கிளம்பும்போது, உள்ளே குழந்தை வீரிட்டது. பேச்சியம்மாள் ஓடிவந்தாள்.

"எலே தம்பி, சாமி சத்தியமா நான் ஒண்ணும் செய்யல. கவுனு போடலாம்னு காலைத் தூக்கினேன். சுள்ளி முறிஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு. நம்புலே!"

"நம்புதேன்க்கா, அழாத" என்றான் பொன்ராஜ்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அக்காளை நம்ப அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

தொடை எலும்பு முறிந்திருந்ததால் குழந்தையைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். இந்த முறை ஆஸ்பத்திரியில் வயதான சர்ஜன் ஒருவர் இருந்தார். பழைய எக்ஸ்ரே படங்களையும் வாங்கிப் பார்த்தார். குழந்தையின் தலையையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் பொன்ராஜிடம் கொடுத்து, "மயிலாப்பூர்ல டாக்டர் வஜீஹான்னு ஒரு அம்மா இருக்காங்க. படம் பார்க்கிறதுல கெட்டிக்காரங்க. அவங்ககிட்டக் காட்டிட்டு வாங்க" என்றார்.

வஜீஹா படங்களை விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவனை அருகில் அழைத்தார்.

"எலும்போட ஓரத்தைப் பாருங்க. தடிப்பா வெள்ளையா இருக்கணும். இங்க பென்சில் கோடு மாதிரி மெலிசா இருக்கு. இதோ விலா எலும்புல ரெண்டு இடம், இதெல்லாம் பழைய முறிவு. யாருக்குமே தெரியாம ஒடிஞ்சு தானாக் கூடியிருக்கு. மண்டையோட்டுலயும் எலும்புங்க சேர்ற ஓரமா சின்னச் சின்னத் துண்டா இருக்கு. குழந்தையோட கண்ணுல வெள்ளைப் பகுதி நீலம் பாரிச்ச மாதிரி இருக்குமா?"

"ஆமாம்மா. அழகுன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

"இது பிறவியிலேயே வர்ற நோய். எலும்புக்குப் பலம் கிடையாது. ரொம்ப அபூர்வம், நானே ரெண்டு மூணு பேரைத்தான் பார்த்திருக்கேன். குழந்தையை யாரும் அடிக்கல."

பொன்ராஜ் அந்தப் பழைய முறிவுகளைத் திரும்பவும் பார்த்தான்.

வஜீஹா அவன் முகத்தையே பார்த்தார். "ஜன்னல் பக்கமா வாங்க. மேல பாருங்க... உங்களுக்குக் காது நல்லாக் கேக்குதா?"

"இடது காது கொஞ்சம் மந்தம்."

"சின்ன வயசுல எலும்பு ஒடிஞ்சிருக்கா?"

"நாலஞ்சு தடவை. ரொம்பத் துடியான பையன்னு சொல்லுவாங்க."

"உங்க கண்லயும் அந்த நீலம் இருக்கு, காது மந்தமும் இதனாலதான். உங்ககிட்டேயிருந்துதான் குழந்தைக்கு வந்திருக்கு. அது உங்க குத்தம் இல்ல."

அவனுக்கு ஒடிந்தபோது அதற்குத் துடுக்கு என்று பெயர் வைத்தார்கள். மகளுக்கு ஒடிந்தபோது அவன் ஒருத்தியின் பெயரை வைத்தான்.

"மருந்து உண்டாம்மா?"

"இன்னைய தேதிக்கு எதுவும் இல்ல. ஒவ்வொரு முறிவையும் படம் எடுத்துப் பார்த்து, வளையாம நேராக் கட்டணும். வயசு ஏற ஏறக் குறையும். பார்த்துத் தூக்கணும், அதுதான் வைத்தியம்." படங்களைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "இதுவரைக்கும் வளர்த்தது யாரு? இந்த எலும்புக்கு இவ்வளவு கொஞ்சமா ஒடிஞ்சிருக்குன்னா, பூ மாதிரி வச்சிருந்திருக்காங்க."

பொன்ராஜ் படங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

லஸ் முனையில் பஸ்கள் வந்து போயின. ஏறாமல் நின்றான். சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வைரவன் அவனை உட்காரச் சொல்லவில்லை. புஷ்பம் வாசல் வரை வந்தாள்.

எல்லாவற்றையும் தலைகுனிந்தபடி சொன்னான். படத்தில் கண்டதை, தன் கண்ணிலும் அந்த நீலம் இருந்ததை, அக்காள் கையில் முறிந்ததை.

"எந்தக் காலு?" என்று கேட்டாள் புஷ்பம்.

"வலது கால். தொடையில."

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"நீங்க கேட்ட அன்னைக்கு நான் ஏன் பேசல தெரியுமா? எனக்கே சந்தேகம் வந்துட்டு. தூக்கத்துல பிள்ளை மேல உருண்டுட்டேனோ, கோவத்துல கையைப் பிடிச்சு இழுத்து மறந்துட்டேனோன்னு. இங்க வந்தும் அதையே நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

"தப்பு என் பேர்லதான், புஷ்பம்."

"இங்க வந்து சொன்னா யாருக்குக் கேக்கும்? கேட்ட எடத்துல சொல்லுங்க."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டாள். கட்டுப் பிரித்து வல்லி வீட்டுக்கு வரும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

வந்த மறுநாள் காலை பொன்ராஜ் குழாயடிக்குப் போனான். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவனிடம் குடம் இல்லை.

"என் வீட்டுக்காரி பிள்ளையை அடிக்கல" என்றான். "பிள்ளைக்கு எலும்புல நோய். அது என்கிட்ட இருந்து வந்தது. நான்தான் தெரியாம இத்தனை பேர் முன்னால... தெரியாமன்னுகூடச் சொல்லக் கூடாது. விசாரிக்காம கேட்டுட்டேன்."

ஒரு குடம் நிரம்பி வழிந்தது. "நாங்களுந்தான் பேசிக்கினு இருந்தோம், நைனா" என்று முணுமுணுத்த கெங்கம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் குழாயை மூடினாள். பேச்சியம்மாள் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

புஷ்பம் பழையபடி சமைத்தாள், பேசினாள், அவனுக்குச் சோறு போட்டாள். குழந்தையை முதுகுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து எப்படித் தூக்க வேண்டும் என்று பேச்சியம்மாளுக்கும் காட்டிக் கொடுத்தாள். எல்லாம் சரியாகிவிட்டதென்றுதான் பொன்ராஜ் நினைத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் வல்லிக்கு மறுபடியும் கை முறிந்தது. ஆள் வந்து சொல்லி, கடையிலிருந்து ஓடிவந்தான். புஷ்பம் குழந்தையின் கையைத் தலையணையில் வைத்து அசையாமல் பிடித்திருந்தாள். பக்கத்தில் கெங்கம்மா ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தாள்.

அவன் வாய் திறப்பதற்கு முன்பே புஷ்பம் சொன்னாள்: "குளிப்பாட்டும்போது கெங்கம்மா கூடவேதான் இருந்தாங்க. கேட்டுக்கிடுங்க."

"தெனமும் என்னியக் கூப்ட்டு வெச்சிக்கினுதான் குளிப்பாட்டுது" என்றாள் கெங்கம்மா மெல்ல. "நீ கடைக்குப் போனப்பறம் கொயந்தைய ஒண்டியாத் தொடறதே இல்ல, நைனா."

பொன்ராஜ் வண்டி பிடிப்பதற்காகத் தெருவுக்கு வந்தான். ஒரு ரிக்‌ஷா அவன் முன்னால் வந்து நின்றது. எங்கே போக வேண்டும் என்று ரிக்‌ஷாக்காரர் இரண்டு முறை கேட்டார்.