நாலு நாள் மீசை

கோவளத்து டைவிங் சென்டரில் செல்வமணிக்கு வேலை உறுதியாகிவிட்டது. தண்ணீருக்கடியில் கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ள, சொந்தமாக ஒரு மாஸ்க் வாங்க வேண்டியதுதான் பாக்கி. சிலிண்டரும் மூச்சுக்குழாயும் சென்டரிலேயே கிடைக்கும். மாஸ்க் மட்டும் அவனவன் முகத்துக்கு அமைய வேண்டும் என்று, அவனுக்கு முங்கக் கற்றுக்கொடுத்த ஷிஜா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கடையில் அவன் கண் மஞ்சள் மாஸ்க்கின் மேல் போனது. அழகு பார்க்க இது கூலிங்கிளாஸ் இல்லை என்று கூட வந்த ஷிஜா அதை அவன் கையிலிருந்து வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அதுதான் அவனுடையது. ஐந்தை வைத்துப் பார்த்தான். ஐந்தும் விழுந்தன. குற்றம் மீசையில். செழிப்பான மீசை, அதன் வழியே காற்றும் புகும், தண்ணீரும் புகும். மூக்குக்குக் கீழே ஒரு வரி கத்தரித்து, கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும் என்றாள் ஷிஜா. அதைக் கேட்டிருக்கலாம், பாவி. மறுநாளே கடலில் இறங்க வேண்டும் என்ற பரபரப்பில், அவசரக்குடுக்கை பக்கத்து சலூனில் போய் முழுசாக எடுத்துவிட்டு வந்தான். கறுப்பு மாஸ்க் ஒன்று கச்சிதமாக ஒட்டியது. சந்தோஷம் தாங்காமல், அப்பாவிடம் காட்ட ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அப்பா தாணுமாலையன் தம்பானூர் ஓட்டலில் முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவர். நெஞ்சுச் சளியோடு பத்து நாளாகப் படுக்கையில் இருந்தார். அவர் முகத்திலும் ஒரு மாஸ்க், ஆக்ஸிஜனுக்கு. அசந்து கிடந்தவர் கண்ணைத் திறந்து மகன் முகத்தையே பார்த்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளை மீசையை முழுக்க எடுப்பது அப்பனோ அம்மாவோ செத்தால்தான். மலையாளப் பள்ளியில் படித்து, மீசையில்லாத கூட்டாளிகளோடு திரிந்த செல்வமணிக்கு அது அப்போதுதான் உறைத்தது.

அப்பா மாஸ்க்கை விலக்கினார்.

“மக்கா, நான் போயாச்சா?”

மீசையை எடுத்தது இதற்காகத்தான் என்று செல்வமணி கறுப்பு மாஸ்க்கை நீட்டி, வேலை, கடல், மூச்சு என்று என்னவெல்லாமோ உளறினான். அம்மா மாடம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அப்பா மட்டும் கையை நீட்டி அவன் மேலுதட்டைத் தடவினார்.

“சாரமில்ல லே, மீசதான. வளரட்டும். அதுவரைக்கும் நான் கிடக்கேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நாலு நாள் காப்பாற்றினார். செல்வமணி கடலுக்குப் போகவேயில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் கண்ணாடியில் மேலுதட்டைப் பார்த்துப் பார்த்து வந்தான்.

சுடுகாட்டில் நாவிதர் தண்ணீரைத் தொட்டு அவன் மேலுதட்டில் தடவினார். விரல் நின்றது. இதில் எடுக்க ஒன்றுமில்லையே, விட்டுவிடலாம் என்றார்.

“இருக்கு,” என்றான் செல்வமணி. “நாலு நாள் வளந்திருக்கு. மெதுவா எடுங்க.”