அறுபது அடி வீராங்கனை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. எங்கள் ஊர்ப் பாலக்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பேனரிலிருந்து திருடினேன். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம். 'வங்கக் கடலில் 130 அடி ஆழம் கண்ட எங்கள் வீட்டு வீராங்கனை சண்முகப்ரியா' என்று அச்சடித்திருந்தது. அந்த 130ன் மேல் வெள்ளைப் பெயின்ட் பூசி, 60 என்று யாரோ கையால் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர் பேனர்களில் பட்டத்தைக் கூட்டுவார்கள், வயசைக் குறைப்பார்கள். சாதனையைக் குறைத்து எழுதி நான் பார்த்ததே இல்லை. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

கடல் நீலமாக விரிந்து

(வேண்டாம். மணிமுத்தாற்றில் முழங்கால் தண்ணீர் வந்தாலே பாலத்தில் கூட்டம் கூடுகிற ஊர்க்காரன் நான். கடலை வர்ணிக்க எனக்கென்ன யோக்கியதை?)

பேனர் வைத்தவர் அவள் சித்தப்பா சக்கரபாணி, செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் ப்யூஸ் கட்டை செய்கிறவர். புதுச்சேரிக்கு வேலைக்குப் போன அண்ணன் மகள் அங்கே முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா கற்றுக்கொண்டாள் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை 130 அடிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று ப்ரியா போனில் சொன்னாள். சனிக்கிழமையே பேனர் ஏறிவிட்டது. கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் முதல் நாளே வைப்பதுதானே வழக்கம்? வைத்த கையோடு அவளுக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டார்.

3

படகில் ப்ரியாவுக்குப் பெருமையும் பயமும் சரிபாதி. அவள் கடலுக்குள் இறங்கியதே நாலைந்து தடவைதான். புதிதாகக் கற்றவர்கள் அறுபது அடியோடு நிற்க வேண்டும் என்று பாடம் சொன்னவர்களே, "நாங்க இருக்கோம், வாங்க, ஒண்ணும் ஆவாது" என்றார்கள்.*

(* ஆவாதாம்! கீழே போகப் போகச் சிலிண்டர் காற்று சீக்கிரம் தீரும். குடித்தவனைப் போலப் புத்தி தடுமாறும். பயந்துபோய் விருட்டென்று மேலே வந்தால் உயிருக்கே ஆபத்து.)

நானும் அவளை 130க்கு இறக்கத்தான் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு ஆழம் வேண்டுமே. காற்று தீர வேண்டும், கை நடுங்க வேண்டும், நீங்கள் நகம் கடிக்க வேண்டும். 'கும்மிருட்டு அவளை' என்று ஆரம்பித்தேன். அவள் அறுபதில் நின்று மணிக்கட்டில் இருந்த ஆழமானியைப் பார்த்தாள். பாலக்கரை பேனரை நினைத்தாள், ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தாள். பிறகு கட்டைவிரலை மேல்நோக்கி நீட்டினாள். தண்ணீருக்குள் அதற்கு 'நான் மேலே போகிறேன்' என்று அர்த்தம். எத்தனை தடவை அடித்துத் திருத்தி எழுதினாலும் அதே விரல். என் பேச்சையும் கேட்காத அந்தப் பெண்ணை நினைத்து எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

4

திங்கட்கிழமை பேனருக்குக் கீழே நின்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

"நூத்தி முப்பது போவல சித்தப்பா. அறுவதுலயே திரும்பிட்டேன்."

"பயந்துட்டியா?"

"பயந்தேன். ஆனா யாரும் தூக்கிட்டு வரல. நானே திரும்பி வந்தேன்."

இனி என்ன? சித்தப்பா மானம் போச்சென்று பேனரை அவிழ்க்கப் போக, ப்ரியா தடுத்துத் தானே பெயின்ட் அடித்தாள் என்று முடிக்கலாம். இல்லை, அவரே பட்டறையிலிருந்து பெயின்ட் டப்பா கொண்டுவந்தார், அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள் என்றும் முடிக்கலாம். பிரஷ் யார் கையில் இருந்தது என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 130ஐ அழித்த கை, அதோடு நின்றுவிட்டது. 'வீராங்கனை'யில் ஒரு சொட்டுப் பெயின்ட்கூடப் படவில்லை.