பூ வைத்த மூன்று பேர்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. சென்னையை அடுத்த நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் ஜப்பானிய உணவகத்தில், மாலை ஆறரை மணிக்குப் புஷ்பலதா என்ற பெயரில் மூன்று இருக்கைகள் பதிவாகியிருந்தன.

அந்தக் கடையில் மொத்தமே எட்டு இருக்கைகள்தான். மெனு கிடையாது. சமையல்காரர் எதிரில் நின்று பச்சை மீனை அறுத்து, சிறு சோற்று உருண்டைமேல் வைத்துக் கொடுப்பார். கொடுத்ததும் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மீனில் பாதி புஷ்பலதா கொண்டுவருவது. கோவளம் கரையில் ஏலம் எடுத்து, வாரத்தில் மூன்று நாள் காலையில் பின்வாசலில் பெட்டியை இறக்குவாள். இரண்டு வருடத்தில் கடையின் முன்பக்கத்தை அவள் பார்த்ததில்லை.

தூத்துக்குடியிலிருந்து ஞானஜோதியும் ரத்தினபாயும் வந்திருந்தார்கள். அவர்களும் மீன் விற்பவர்கள். மீனவப் பெண்கள் கூட்டம் ஒன்றில் பழக்கமானவர்கள். "என் மீன இன்னா பண்றாங்கன்னு பாக்கலாம், வாங்க" என்று புஷ்பலதா கூப்பிட்டாள். அவள் மகள் தன் போனில் பதிவு செய்து கொடுத்தாள்.

மூவரும் இரண்டு முறை குளித்தார்கள். எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்தார்கள். சந்தனப் பவுடர் பூசி, ஆளுக்கு இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டார்கள். ஏசி அறையில் மீன் வாடை அடித்துவிடக் கூடாது.

கதவருகே மேனேஜர் வினோத்குமார் நிறுத்தினான். காலை நேரத்தில் புஷ்பலதாவை அக்கா என்று கூப்பிடுகிறவன்.

"மேடம், பூ வெச்சிட்டு உள்ள வரக்கூடாது. சென்ட், பவுடர் எதுவுமே கூடாது. மீனோட வாசனை மத்தவங்களுக்குத் தெரியாமப் போயிடும். புக்கிங் மெசேஜ்லயே இருக்கே."

"இன்னா தம்பி, மீன் நாத்தம் வரக்கூடாதுன்னு பூ வெச்சிகினு வந்தா, பூ நாறுதுங்கிற?" என்றாள் புஷ்பலதா.

ரத்தினபாய் சிரித்துவிட்டாள். "ஏட்டி, முன்னாடியே தெரிஞ்சிருந்தா கூடையத் தூக்கிட்டே வந்திருக்கலாமே."

ஞானஜோதி பூவை எடுக்கக் கையைத் தூக்கினாள். அப்போது உள்ளேயிருந்து கனமான சென்ட் வாசனை வந்தது. கடைசி இருக்கையில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். புஷ்பலதா தோழியின் கையைப் பிடித்தாள்.

"இரு. தம்பி, அந்த சார் மேல அடிக்குதே, அது இன்னா?"

வினோத்குமார் குரலைத் தாழ்த்தினான். "அவரு ரெகுலர் கஸ்டமர்."

"நானுந்தான் ரெகுலரு. வாரத்துக்கு மூணு நாள் வரேன்."

"அக்கா, புரிஞ்சுக்கோங்க. பின்னாடி கிச்சன்ல உக்காருங்க. அதே ஐட்டம் அனுப்புறேன்."

"அவர எந்திரிச்சு போயி கழுவிகினு வரச் சொல்லு. நான் பூவ எடுக்கிறேன். அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

"ஓனர் காதுக்குப் போனா உங்க சரக்கே வேணாம்னுடுவாரு."

வாரத்துக்கு மூன்று பெட்டி எடுக்கும் கடை சுலபமாகக் கிடைக்காது. அது புஷ்பலதாவுக்குத் தெரியும்.

"சொல்லட்டும். இன்னிக்கு நான் சாப்ட வந்துகீறேன்."

அவனைத் தாண்டிப் போய் வெள்ளைச் சட்டைக்காரருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சமையல்காரர் வினோத்குமாரைப் பார்த்தார். அவன் கதவைச் சாத்தினான். அவர் கத்தியை எடுத்தார்.

முதலில் கணவாய் வந்தது. ஞானஜோதி கண்ணை மூடி மென்றாள். "விடியக்காலம் பிடிச்சது" என்றாள். பிறகு சூரை, அதன்பின் கொடுவா. கொடுவா அன்று காலை புஷ்பலதா இறக்கியது.

"நல்லாத்தான் கீது" என்றாள். "கொழம்பு வெச்சிருந்தா இன்னும் நல்லாருக்கும்."

வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பி, "இங்க அடிக்கடி வருவீங்களா?" என்று கேட்டார்.

"பின்னாடி வழியா" என்றாள்.

மொத்தம் பன்னிரண்டு வகை வந்தன. மூவரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. எட்டு மணிக்குக் கிளம்பும்போதும் பூ தலையில் இருந்தது.

திங்கட்கிழமை காலை வினோத்குமார் போன் செய்தான். இனி மீன் வேண்டாம் என்றான். புஷ்பலதா பெட்டியை நாவலூர் பேருந்து நிறுத்தத்தில் இறக்கி விற்றாள். பத்து மணிக்குள் தீர்ந்தது.