துன்ஹுவாங்குக்கு நூற்று நாற்பது அடி

பூங்காவில் முழங்கால் உயரமே இருந்த சீனப் பெருஞ்சுவரின் செங்கல் ஒன்றைச் சுயிஹோங் விரல் நுனியால் தடவினாள். நகத்தளவுகூட இல்லை. ஷென்ஜென் நகரில் பாதிக் குளியலறைகள் தன் கை பட்டவை என்று பீற்றிக்கொள்ளும் ஓடு பதிப்பவள் அவள்.

"எத்தனை லட்சம் கல்லு! ஒரு இடுக்காவது கோணியிருக்கா பாரு" என்றாள். மூன்று நாள் கழித்து மகளோடு பேசிய முதல் பேச்சு.

வடமேற்குப் பாலைவனத்தில், துன்ஹுவாங் குகைகளின் சுவரோவியங்களைச் சீர்செய்யும் வேலை மகள் தாங்யாவுக்குக் கிடைத்திருந்தது. ஐந்து வருடம் அங்கேயே தங்க வேண்டும். "மணலைத் திங்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டவளைத்தான், நாட்டையே சுருக்கி வைத்திருக்கும் இந்தப் பூங்காவுக்கு மகள் இழுத்து வந்திருந்தாள். வரைபடத்தில் இருக்கும் திசையிலேயே எல்லாம் நின்றன.

"இதுல நம்ம ஊரு எங்கடி?"

"தெக்கால. வாசல் பக்கம்."

சுயிஹோங் விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். அறையை அளப்பதுபோல் அடி மேல் அடி வைத்து எண்ணிக்கொண்டு திரும்பினாள். வழியில் விரல் உயரப் பீங்கான் மனிதர்கள் கல்யாண ஊர்வலம் போனார்கள். எண்ணிக்கை தப்பிவிடுமென்று ஆசையை அடக்கி ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தாள். துன்ஹுவாங் குகைகள் குடைந்த குட்டிப் பாறைக்கு முன்னால் நின்றாள்.

"நூத்தி நாப்பது. இவ்ளோதானா?"

"ரயில்ல ரெண்டு நாளும்மா."

"தெரியும். எங்க எறங்கி மாறணும்னுகூடப் பாத்து வச்சிருக்கேன்."

தாங்யா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்காமல் குகைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமான குகையில வர்ணம் உதிருதோ?"

"ஆமா. பின்னாடி மண்பூச்சு சுவத்த விட்டு விலகிடுது."

"ஈரம் ஏறி உப்புப் பூத்திருக்கும். சுவத்தக் கவனிக்காம வர்ணத்த மட்டும் ஒட்டினா நிக்காதுடி."

"இதத்தான் எங்க வாத்தியார் ரெண்டு வருஷமாச் சொன்னாரு!"

"எங்கிட்டக் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்."

சொல்லிக்கொண்டே நடைபாதையில் குப்புறப் படுத்துவிட்டாள். பாறையில் காதை வைத்து, பதித்த ஓட்டைச் சோதிப்பதுபோல், உள்ளே வெற்றிடம் உண்டா என்று விரல் முட்டியால் மெல்லத் தட்டினாள். வந்தவர்கள் விலகி நடந்தார்கள். ஒரு கணம் தயங்கிய தாங்யா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அம்மாவுக்கு எதிரே படுத்துத் தானும் காதை வைத்தாள். இருவர் முகத்துக்கும் நடுவில், குகை வாசலில், தானிய மணியளவு புத்தர் ஒருவர் அமர்ந்திருந்தார். சுயிஹோங் மறுபடியும் தட்டினாள்.