காகிதத்தில் பணக்காரர்

பெரியப்பாவின் டைல்ஸ் கடையில் அப்பா வாங்குவது மாதம் பதினெட்டாயிரம். பெரியப்பா எழுதிக்கொடுத்த கடிதத்தில் அப்பா வாங்குவது நாற்பதாயிரம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில்தான் மிளகாயின் படிப்பு விழுந்து கிடந்தது.

மிளகாய் என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் ஒல்லி, வாயைத் திறந்தால் எதிரே நிற்பவருக்கு எரியும். கல்லூரியில் மின்னியல் முதல் வருடம் முடித்திருந்தாள். அதே கல்லூரியில் இந்த வருடம் தம்பிக்கும் இடம் கிடைத்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் படித்தால், வருமானம் குறைவாக இருந்தால், பாதிக் கட்டணத்தைக் கல்லூரியே தள்ளுபடி செய்யும். அதற்கு அப்பாவின் முதலாளியிடமிருந்து சம்பளக் கடிதம் வேண்டும். முதலாளி சொந்த அண்ணன்தானே, ஐந்து நிமிட வேலை என்று அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். விண்ணப்பம் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. வருமானம் அதிகமாம்.

பதினோரு வருடமாக அப்பா சம்பளப் புத்தகத்தில் நாற்பதாயிரத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினெட்டை எண்ணி வாங்கிக்கொண்டு வருகிறார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வரிக்காக என்று அண்ணன் சொன்னாராம். அப்பா தலையாட்டினாராம். கடை லாரியை ஓட்டுவதும் அவர்தான், பெட்டி பெட்டியாகக் கல்லை மூன்று மாடிக்குத் தூக்குவதும் அவர்தான். விரல் நுனியெல்லாம் டைல்ஸ் விளிம்பு கீறிய தழும்பு. இந்த மனிதர் காகிதத்தில் பணக்காரர்.

மிளகாய் நேராகக் கடைக்குப் போனாள். உள்ளதை உள்ளபடி எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். பெரியப்பா நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார்.

"என் கணக்குப் புத்தகத்துல உங்கப்பன் நாற்பது வாங்குறான். நான் எப்படிம்மா பொய் எழுத முடியும்?"

"அப்போ நாற்பதைக் கொடுங்க பெரியப்பா."

சிரிப்பு நின்றது. "ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல படிக்க வைக்கணும்னு யாரு அழுதா? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும். ஒண்ணை நிறுத்திட்டு ஒண்ணைப் படிக்க வையுங்க."

கடையில் கல் வாங்க வந்த ஒரு குடும்பம் நின்று வேடிக்கை பார்த்தது. அந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்தால், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார். தம்பி சேராவிட்டால் இடம் போய்விடும், நீ ஒரு வருடம் நிறுத்திக்கொள்ளேன் என்றார். ஒரு வருடம் நிறுத்தினவர்கள் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று அவள் கேட்கவில்லை. தம்பி பாவம், நான் போகவில்லை அக்கா என்று அழுதான். அவனை ஒரு அதட்டு அதட்டி உட்கார வைத்தாள்.

மறுநாள் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கக் கல்லூரிக்குப் போனவள் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றுவிட்டாள். கட்டணச் சலுகை பெற்றவர்கள் பட்டியலில் மூன்றாவது பெயர் பெரியப்பாவின் மகன். முழுச் சலுகை. காரணம், குடும்பத்தின் ஏழ்மை.

போன மாதம்தான் அந்த ஏழைக்குப் புது பைக் வந்தது.

எப்படி என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வருகிற லாபமெல்லாம் தம்பி சம்பளமாகக் கரைந்துபோனால் காகிதத்தில் அண்ணன் பரம ஏழைதானே. அப்பாவுக்குக் கொடுக்காத காசைக் கொடுத்ததாக எழுதி, அதையே காட்டி, தன் பிள்ளைக்கு இலவசப் படிப்பு. அப்பாவின் பிள்ளைகளுக்கு வெறுங்கை. மிளகாய்க்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. சான்றிதழைக் கேட்காமல் திரும்பினாள். படிப்பு போனாலும் போகட்டும், இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, படிப்பு ஏன் போக வேண்டும் என்று நினைத்தாள்.

மேல்முறையீட்டு மனுவில் இரண்டே வரி எழுதினாள். சம்பளம் கொடுப்பவரை நேரில் கூப்பிட்டு விசாரியுங்கள். அவர் மகனும் இங்கேதான் சலுகையில் படிக்கிறான்.

இரண்டாவது வரியை யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பாவிடம் போய், பூனை மாதிரிப் பேசினாள். "நீங்க பெரிய மனுஷன் பெரியப்பா. கல்லூரிக்கு வந்து நாலு நல்ல வார்த்தை சொன்னா அவங்க மனசு இளகும்." புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? மடிப்புக் கலையாத சட்டை, சென்ட் வாசனை சகிதம் வந்து சேர்ந்தார். அப்பா லாரியை நிறுத்திவிட்டுத் தூசிச் சட்டையோடு வந்தார். வரும்போதே அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். "உங்களைக் கேட்டா உண்மையைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

உதவித்தொகை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மேஜையில் இரண்டு கோப்புகள் இருந்தன. பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"ரொம்பக் கஷ்டப்படுற குடும்பம் மேடம். பார்த்துச் செய்யுங்க."

"செய்யலாம். உங்க தம்பிக்கு மாசம் எவ்வளவு கொடுக்குறீங்க?"

"அதான் கடிதத்துல இருக்கே."

"நாற்பதுன்னு இருக்கு. நாற்பது வாங்குறவர் எப்படிக் கஷ்டப்படுறார்?" அதிகாரி இரண்டாவது கோப்பைத் திறந்தார். "இது உங்க மகன் விண்ணப்பம். இதுலயும் அதே நாற்பதைச் செலவாக் காட்டியிருக்கீங்க. நெசமாக் கொடுக்குறது அதைவிடக் குறைவுன்னா இந்தச் சலுகையை நான் ரத்து பண்ணணும். ரெண்டு வருஷப் பணத்தையும் திரும்பக் கேட்கணும். அதனால யோசிச்சுச் சொல்லுங்க."

பெரியப்பா மிளகாயைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகவே அவள் இரண்டு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கு இனித்தது. இருதலைக் கொள்ளி எறும்பாக அவர் தவிப்பதை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"நாற்பதுதான் மேடம்" என்றார் கடைசியில். நெற்றி வேர்த்திருந்தது. "கையெழுத்துப் போட்டு வாங்குறான். அவனையே கேளுங்க."

தம்பி தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்ற தைரியம். அதிகாரி அப்பா பக்கம் திரும்பினார். அப்பா சட்டை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் சொல்றது சரிதாங்க. நாற்பதுதான்."

போச்சு. இரண்டு பேர் படிப்பும் போச்சு. இத்தனை நாள் தலையாட்டினவர் இன்றைக்கும் ஆட்டிவிட்டார். பெரியப்பா முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது.

"ஆனா கையில பதினெட்டுதான் வாங்குறேன்" என்றார் அப்பா. "மீதி அண்ணன்கிட்டயே இருக்கு. பிள்ளைங்க படிப்புக்குன்னு சேர்த்து வைக்கிறார். பதினோரு வருஷமா. எங்க வீட்டுல நான் சொன்னதில்லை. இன்னைக்குக் கேட்டு வாங்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

மிளகாய் அப்பாவையே பார்த்தாள். கடன்காரன் வந்தால்கூட வீட்டில் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். எங்கிருந்து வந்தது இந்தப் பொய்? முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"அப்படியா?" என்றார் அதிகாரி பெரியப்பாவிடம். ஒரு கை மகனின் கோப்பின் மேல் இருந்தது. "உங்ககிட்டதான் இருக்கா?"

பெரியப்பா அந்தக் கோப்பைப் பார்த்தார். இல்லை என்றால் மகன் போனான். ஆமாம் என்றால் பணம் போனது.

"ஆமா" என்றார்.

"அப்போ இவங்களுக்குச் சலுகையே தேவையில்லையே. ரெண்டு பேரும் படிப்பை முடிக்கிற வரைக்கும் கட்டணம் உங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுத்திடுங்க." அதிகாரி ஒரு தாளைத் தள்ளினார். அவருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பெரியப்பா எழுதினார். கையெழுத்து கோணிக்கொண்டு போனது. அதையும் மிளகாய் விடாமல் பார்த்தாள்.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது பெரியப்பா அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

"எப்போடா நான் சேர்த்து வைக்கிறேன்னு சொன்னேன்?"

"சொல்லலண்ணே. நாற்பது வாங்கினேன்னு நான் போட்ட கையெழுத்து மட்டும் நெசமா?"

"கூடப் பிறந்தவன்னுகூடப் பார்க்காம கழுத்தறுத்துட்டியேடா!"

அப்பா அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "கூடப் பிறந்தவர்னுதான் இத்தனை வருஷம் வாயை மூடிட்டிருந்தேன். என் பிள்ளைங்களும் கூடப் பிறந்ததுங்கதான். ஒண்ணைத் தள்ளிட்டு ஒண்ணு மேல ஏறணும்னு சொன்னீங்க பாருங்க, அது பொறுக்கல."

"நாளையிலிருந்து கடைப் பக்கம் தலை வைக்காதே!"

அப்பா லாரிச் சாவியை எடுத்து அண்ணனின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"கட்டணம் கட்டுற இடம் எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"நாலு மணிக்குப்பா."

"நாலு மணிக்குள்ள கட்டிடுங்கண்ணே" என்றார் அப்பா. "ரெண்டு பேருக்கும்."